சிப்ஸ் பாக்கெட்டும் சிலிண்டரும்

கேஸ் அடுப்பு சர்வீஸ் வேலையாகப் பெங்களூருவில் அல்சூர், விவேக்நகர் பக்கம் வீடு வீடாகப் போகிறவன் நான். சென்னையிலிருந்து குடிவந்த ஒரு அம்மா போன டிசம்பரில் கூப்பிட்டார். "தம்பி, அங்க ரெண்டு மாசம் வந்த சிலிண்டர் இங்க ஒன்றரை மாசத்துல தீர்ந்துடுது. மேட்டு ஊர்ல காத்தழுத்தம் கம்மியாமே, அதான் கேஸ் கசியுது" என்றார். அத்தாட்சிக்குச் சென்னையில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட்டை நீட்டினார். தலையணை மாதிரி உப்பியிருந்தது.

பாக்கெட் விஷயம் உண்மைதான். பெங்களூரு கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 920 மீட்டர்; காற்றழுத்தம் சென்னையைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. மெல்லிய பைக்கு அதுவே போதும். சிலிண்டர் கதை வேறு. உள்ளே கேஸ் திரவமாக இருக்கிறது. அதன் ஆவி வெளிக்காற்றைப் போலப் பல மடங்கு அழுத்தத்தில் நிற்கிறது. இரண்டு மடங்கைத் தாண்டினாலே, வால்வு ஓட்டையில் கேஸ் தன் உச்ச வேகத்தைத் தொட்டுவிடும். அப்புறம் வெளியழுத்தம் எவ்வளவு இறங்கினாலும் கசிவு அதிகமாகாது. உள்ளழுத்தத்தை ஏற்றி இறக்குவது வெப்பம். குளிர்ந்த ஊரில் அது குறைவு. ஆக, அம்மா நினைத்ததற்கு நேர் எதிர்!

ரெகுலேட்டரும் வெளிக்காற்றைவிடச் சுமார் 30 மில்லிபார் மட்டும் கூடுதலாக ட்யூபுக்குள் விடும். எந்த ஊரானாலும் அதே வித்தியாசம்தான்.

பின்னே ஏன் சீக்கிரம் தீர்ந்தது? இங்கே தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், குக்கர் இல்லாமல் பருப்பு வேக நேரமாகும். கீசர் ரிப்பேராம், குளிக்கிற வெந்நீரும் அடுப்பில்தான். சரி, சோதித்துவிடலாம் என்று சோப்புத் தண்ணீர் தடவினேன். ட்யூப் அடுப்போடு சேரும் இடத்தில் குமிழ் குமிழாக நுரை. ஐந்து வருடத்தில் மாற்ற வேண்டிய ட்யூப். ஏழு வருடம் ஆகியிருந்தது. கசிவு சென்னையிலிருந்தே கூட வந்திருக்கிறது.

"நாத்தம் வரலையாம்மா?"

"எப்பவாவது வரும். பழகிடுச்சு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது அதைக் கேட்டுத்தான். கேஸுக்கு இயல்பாக மணமில்லை. நாம் உஷாராக வேண்டும் என்றே அந்த நாற்றத்தைச் சேர்க்கிறார்கள். காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு தேங்கும். இவர் வீட்டில் சிலிண்டர் இருந்ததோ மேடைக்குக் கீழே, மூடிய அலமாரிக்குள். அடுத்தமுறை நாற்றம் வந்தால் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, எந்த ஸ்விட்சையும் போடாமல் அணைக்காமல் வெளியே வந்து 1906-க்குப் போன் செய்யச் சொன்னேன். ட்யூபை மாற்றி, அலமாரிக் கதவையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.