எல்லோருக்கும் ஒரே பாத் என்று ஒன்று கிடையாது

லினக்ஸ் டெர்மினலில் 'எல்எஸ்' என்று அடித்தால் கோப்புப் பெயர்கள் வரிசையாக வந்து விழுகின்றன. அந்த எல்எஸ், வட்டில் எங்கோ கிடக்கும் ஒரு தனி நிரல். அதற்காக ஷெல், அதாவது நாம் அடிக்கும் கட்டளையை வாங்கி ஓட்டும் நிரல், வட்டு முழுவதையும் துழாவுவதில்லை. பாத் என்ற மாறியில் (வேரியபிள்) சில ஃபோல்டர்களின் பெயர்கள் முக்காற்புள்ளியால் பிரித்து எழுதப்பட்டிருக்கும். அவற்றை இடமிருந்து வலமாகப் பார்த்து, முதலில் அகப்படுவதை ஷெல் ஓட்டிவிடும். 1979-இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பின் போர்ன் ஷெல்லிலேயே இந்த ஏற்பாடு உண்டு.

சரி, தனி ஃபோல்டரில் நிறுவிய புதிய மென்பொருள் எல்லாப் பயனர்களுக்கும் கிடைக்க வேண்டுமென்றால் எங்கே எழுதுவது? ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். காரணம், கணினி முழுமைக்கும் பொதுவான பாத் எங்கும் இல்லை. ஒவ்வொரு ப்ராசஸும், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிரலும், தன்னைத் தொடங்கிய தாய் ப்ராசஸின் பாத்தை நகலாகப் பெற்றே பிறக்கிறது. பிறகு தாயிடம் என்ன மாறினாலும் பிள்ளைக்குத் தெரியாது. எனவே எல்லோரும் நுழையும் இடத்தில், அதாவது லாகினில், கை வைக்க வேண்டும்.

லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவில் இதற்கு இரண்டு இடங்கள். '/ஈடிசி/என்விரான்மென்ட்' கோப்பு லாகினின்போது படிக்கப்படுகிறது. ஆனால் அது ஷெல் ஸ்கிரிப்ட் அல்ல, அதாவது ஷெல் ஓட்டும் கட்டளைத் தொகுப்பு அல்ல. பழைய பாத்தோடு சேர்ப்பதாக எண்ணி ஷெல்லில் எழுதுவதுபோல் மாறியின் பெயருக்கு முன் டாலர் குறி போட்டு எழுதினால், அதை வெறும் எழுத்தாகவே எடுத்துக்கொள்ளும். அடுத்த லாகினில் எல்எஸ்கூடக் காணாமல் போகலாம். முழுப் பட்டியலையும் எழுதியாக வேண்டும். '/ஈடிசி/ப்ரொஃபைல்.டி' ஃபோல்டரில் போடும் சிறு ஸ்கிரிப்டில் இந்தத் தொல்லை இல்லை, டாலர் குறி வேலை செய்யும். ஆனால் லாகின் ஷெல்கள், அதாவது லாகினின்போது தொடங்கும் ஷெல்கள்தான் அதைப் படிக்கும்.

இந்த வாசல் வழியே வராதவையும் உண்டு. குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் தனக்கென்று ஒரு குட்டிப் பட்டியல் வைத்திருக்கிறது. கட்டளையை நிர்வாகி (ரூட்) அதிகாரத்தோடு ஓட்டித் தரும் சூடோ, 'செக்யூர் பாத்' அமைப்பில் இருப்பதை மட்டுமே நம்பும். அது பிடிவாதம் அல்ல, பாதுகாப்பு: யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய ஃபோல்டர் ஒன்று பாத்தின் முன்னால் இருந்தால், அங்கே யாரோ வைத்த போலி எல்எஸ் ரூட் அதிகாரத்தோடு ஓடிவிடும்.

ஒன்றிரண்டு கட்டளைகளுக்காகப் பாத்தைத் தொடுவதே வீண் வேலை என்பது என் கருத்து. '/யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்' ஃபோல்டரில் ஒரு சிம்லிங்க், அதாவது உண்மையான நிரலைச் சுட்டும் இணைப்பு, போட்டால் போதும். உபுண்டுவில் அது சூடோவின் பட்டியலிலும் இருக்கிறது. பாத்தையே மாற்றினால், அப்புறம் ஒருமுறை லாக்அவுட் செய்து வர வேண்டும். ஏற்கெனவே திறந்திருக்கும் டெர்மினல்களில் பழைய நகல்தான் இருக்கும்.