தாத்தாவிடம் கத்தாதீர்கள்

"காது நல்லாத்தான் கேக்குது. இந்தக் காலத்துப் பிள்ளைங்க பேசறதுதான் புரியல." காது பரிசோதிக்கும் வேலையில் இருக்கும் நான் இதைக் கேட்காத வாரமில்லை. இந்த வாரம் மட்டும் மூன்றாவது ஆள். எழுபதைத் தாண்டிய, ஓய்வுபெற்ற தமிழாசிரியர். கூட வந்த மகள், "அப்பா எதுலயும் ஒட்டவே மாட்டேங்கிறார், மறதியோன்னு பயமா இருக்கு" என்றார்.

பேத்தி ஒருநாள் போனில் படம் போட்டுவிட்டு, "ஸ்டோரி போட்டிருக்கேன், பாத்தீங்களா தாத்தா?" என்று கேட்டிருக்கிறாள். இவர் அவள் காதைப் பார்த்துவிட்டு, "தோடு நல்லா இருக்கும்மா" என்றாராம். வீடே சிரித்திருக்கிறது. மகள் இதை என்னிடம் சொன்னபோதும் சிரித்தார். ஆசிரியர் சிரிக்கவில்லை. அதற்கப்புறம்தான் பேச்சைக் குறைத்துக்கொண்டிருக்கிறார்.

எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடமான ஆடியோகிராமில், தாழ்ந்த சுருதி ஒலிகளுக்குக் கோடு ஓரளவு நேராக ஓடி, 2000 ஹெர்ட்ஸைத் தாண்டிய கீச்சொலிகளில் சரிந்துவிட்டது. வயதான காதுகளில் தினமும் பார்க்கிற படம்தான்.

உடனே வீட்டார் கேட்பது, "அப்ப சத்தமா பேசணுமா?" ஐயா, அம்மா, வேண்டாம். பேச்சில் உரத்து ஒலிப்பவை உயிரொலிகள். அவை இவர்களுக்குக் கேட்கின்றன. அதனால்தான் "காது கேக்குது" என்கிறார்கள், அது பொய்யில்லை. ஆனால் கல்லையும் பல்லையும் பிரித்துக் காட்டுவது முதலெழுத்தின் மெய். க, ச, த, ப, ஸ எல்லாம் காதுக்குச் சன்னமான ஒலிகள், அவைதான் முதலில் நழுவுகின்றன. "இலக்கணத்தில் வல்லினம், காதில் முதலில் தோற்பதும் அதுதான்" என்றேன். ஆசிரியர் அப்போதுதான் சிரித்தார். நீங்கள் கத்தினால் உயிரொலி வீங்குகிறது, மெய் அப்படியே கிடக்கிறது. போதாததற்கு, ஓர் அளவுக்கு மேல் போனால் இந்தக் காதுகளுக்குச் சத்தம் வலிக்கும். "எதுக்குக் கத்தறே" என்று அவர் எரிந்து விழுவது வீம்பில்லை.

பழகிய சொல்லென்றால் விட்டுப்போன எழுத்தை மூளையே நிரப்பிக்கொள்ளும். புதுச் சொல்லுக்கு எதை வைத்து நிரப்புவது? தெரிந்த "தோடு"தான் கைக்கு வரும். இது மறதியல்ல. ஆனால் கவனிக்காமல் விடுவதும் சரியில்லை: மறதி நோய்க்கான, மாற்றக்கூடிய காரணிகளில் கேட்புக் குறைவையும் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் ஆணையம் 2017-லேயே சேர்த்துவிட்டது.

முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள், வெறும் அழுக்கடைப்பாகவும் இருக்கலாம். பட்ஸ், எண்ணெய், ஹேர்பின் எதுவும் காதுக்குள் போகக்கூடாது. ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் அன்றே ஓடுங்கள், "ரெண்டு நாள் பார்ப்போம்" கூடாது. காது கேட்கும் கருவியை யாரோ உறவினர் தந்தார் என்று மாட்டிவிடாதீர்கள். மாட்டிய முதல் நாளே "இரைச்சலா இருக்கு" என்று மேசை டிராயரில் போடவும் வேண்டாம், மூளைக்குப் பழகச் சில வாரங்களாவது வேண்டும்.

பிள்ளைகளே, போனைப் பார்த்தபடி பேசினால் உங்கள் உதடு அவருக்குத் தெரியாது. டிவியை அணைத்து, முன்னால் வந்து, நிதானமாகப் பேசுங்கள். புரியவில்லையா, அதே சொல்லையே திருப்பிச் சொல்லாமல் வேறு சொல்லில் சொல்லுங்கள். "ஒண்ணுமில்ல, விடுங்க தாத்தா" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், தயவுசெய்து.

ஆசிரியர் கருவி மாட்டிக்கொண்டு, ஒரு மாதம் கழித்து வந்தார். உட்கார்ந்ததும் கேட்டார்: "அந்த ஸ்டோரி 24 மணி நேரத்துல தானா அழிஞ்சுடுமாமே? அப்புறம் எதுக்கு அதுக்கு அத்தனை நேரம் தலை சீவறா?"