முன்னால் கொடுத்தவர் யார்?

லண்டன் மாரத்தானில் ஓடுபவர்களில் பலர் தொண்டு அமைப்புகளுக்காக இணையத்தில் நிதி திரட்டுவார்கள். ஆளுக்கு ஒரு பக்கம். மேலே ஓடுபவரின் படம், கீழே பணம் தந்தவர்களின் பெயர்கள், பெயருக்கு நேரே தொகை. புதிதாக வருபவர் முன்னால் வந்தவர் எவ்வளவு போட்டார் என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் தன் தொகையைத் தட்டுவார்.

2014 மாரத்தானையொட்டிய இந்தப் பக்கங்களை நிக்கோலா ரைஹானி, சாரா ஸ்மித் என்ற இரு ஆய்வாளர்கள் அலசினார்கள். ஒருவர் பெரிய தொகை போட்டால் அடுத்து வருபவர்களும் கொஞ்சம் கூட்டித் தருவார்கள். அது பொதுவாக நடப்பதுதான். ஆனால் ஒரு சேர்க்கையில் மட்டும் கணக்கு எகிறியது: நிதி திரட்டுபவர் அழகான பெண், பெரிய தொகை போட்டவர் ஆண், அடுத்து வருபவரும் ஆண். அப்போது அந்தக் கூடுதல், வழக்கமானதைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு. கொடுப்பவர்கள் பெண்களாக இருந்தபோது இப்படி ஒரு போட்டி தென்படவில்லை.

இதற்குப் பரிணாம உயிரியலில் ஒரு விளக்கம் உண்டு. செலவில்லாத விளம்பரத்தை யாரும் நம்புவதில்லை என்பது 1975-ல் இஸ்ரேல் விலங்கியலாளர் அமோட்ஸ் ஸஹாவி முன்வைத்த வாதத்தின் சாரம். அவ்வளவு பெரிய தோகையைச் சுமந்துகொண்டும் ஒரு மயில் பிழைத்திருக்கிறதென்றால் அது வலுவானதாகத்தான் இருக்க வேண்டும். அள்ளிக் கொடுப்பதும் அதே வகை. என்னிடம் இருக்கிறது, மனசும் இருக்கிறது என்று சொல்லாமல் சொல்வது. யாரும் உட்கார்ந்து இப்படிக் கணக்குப் போடுவதில்லை, பாவம். கொடுக்க வேண்டும் போலத் தோன்றும், கொடுத்துவிடுவார்கள்.

விளம்பரம் என்றால் பார்க்க ஆள் வேண்டும். 2008-ல் வெளியான ஒரு சோதனையில், விளையாடிச் சம்பாதித்த பணத்தில் எவ்வளவு தொண்டுக்குத் தருவீர்கள் என்று கேட்டார்கள். பெண் பார்த்துக்கொண்டிருந்தபோது ஆண்கள் கூடுதலாகத் தர முன்வந்தார்கள். பெண்களோ யார் பார்த்தாலும் ஒரே மாதிரிதான்.

சரி, யாருமே பார்க்காவிட்டால்? இங்கேதான் ஒரு முடிச்சு. 1976-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், விமான நிலைய டெலிபோன் பூத்துகளில் யாரோ மறந்துவிட்டுப் போன மாதிரி ஒரு பல்கலைக்கழக விண்ணப்பத்தை வைத்தார்கள். முகவரி எழுதித் தபால்தலை ஒட்டிய உறை, விண்ணப்பித்தவரின் படம், எல்லாம் தயார். எடுத்துத் தபாலில் சேர்த்தால் போதும். அழகான முகம் இருந்த விண்ணப்பங்களுக்கே அதிக உதவி கிடைத்தது, ஆண் படமானாலும் பெண் படமானாலும். படத்தில் இருப்பவரை அவர்கள் சந்திக்கப்போவதே இல்லை.

அழகாக இருப்பவர் நல்லவராகவும் இருப்பார் என்று மனம் தானாக முடிவு கட்டிவிடுகிறது; உளவியலில் இதை ஒளிவட்ட விளைவு என்பார்கள். தபால் கதைக்கு இது போதும். லண்டன் பக்கங்களுக்குப் போதாது என்றே எனக்குத் தோன்றுகிறது. அங்கே பெரிய தொகை விழுவதற்கு முன்னும் பின்னும் படத்தில் இருந்தது அதே முகம்தான். முன்னால் பெரிய தொகை போட்ட இன்னொரு ஆணைப் பார்த்த பிறகுதான் கை தாராளமானது.