சாபம், உய்திக்காலம், சாபவிடை: மேசை ஆட்டக்காரர்களுக்கு ஒரு சொல் விளக்கம்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், பாத்ஃபைண்டர் போன்ற பாத்திரமேற்று ஆடும் மேசை ஆட்டங்களில் 'கர்ஸ்' என்ற சொல்லுக்குத் தனிப்பொருள் உண்டு. காயம் மருந்தால் ஆறும், களைப்பு தூங்கி எழுந்தால் போகும். இந்த இரண்டுக்கும் அசையாமல் பாத்திரத்தின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் கேடுதான் கர்ஸ். தமிழில் அதற்குச் சாபம் என்பதே போதும். ஆனால் சாபத்தை அமைப்பவர்களுக்குத் தேவைப்படும் இன்னும் இரண்டு சொற்கள் பழந்தமிழில் ஆயத்தமாகக் கிடக்கின்றன. அவற்றை எடுத்துக்கொள்ளாததால்தான் பல மேசைகளில் சாபம் வெறும் தண்டனையாகிவிடுகிறது.

முதலில் சொல்லின் வேர். சாபம் வடசொல், 'சப்' என்ற வினையடியிலிருந்து வந்தது. சபித்தல் அதன் வினை. பழைய நூல்களில் தேடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வில் என்று பொருள்படும் சாபமும் உண்டு. அது வடமொழியில் வேறு சொல். தமிழ் எழுத்தில் வரும்போது இரண்டும் ஒன்றாகிவிட்டன. புறநானூற்றில் வரும் 'சாவ நோன்ஞாண்' வில்லின் நாண்; அதில் எவரும் எவரையும் சபிக்கவில்லை. ஆங்கிலக் 'கர்ஸ்' பழைய ஆங்கிலத்திலேயே இருக்கிறது, ஆனால் அதன் பிறப்பு எங்கே என்று அகராதிக்காரர்களால் உறுதி செய்ய முடியவில்லை. அதன் பக்கத்துச் சொல்லான 'ஹெக்ஸ்' ஜெர்மன் மொழியிலிருந்து அமெரிக்கா வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்தது.

தனித்தமிழ் வேண்டும் என்போர் வசை, வசவு ஆகியவற்றைச் சொல்வதுண்டு. ஆட்டத்துக்கு அவை ஒத்துவராது. வசவு வாயோடு போய்விடும், சாபம் பலித்தாக வேண்டும். இந்தப் பலிக்கும் தன்மைக்குத் தமிழில் இருக்கும் நல்ல சொல் நிறைமொழி. 'நிறைமொழி மாந்தர்' என்று தொடங்கும் குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர், அருளிக் கூறினாலும் வெகுண்டு கூறினாலும் அதனதன் பயனைத் தந்தே தீரும் மொழி என்று அதை விளக்குகிறார். வாழ்த்தும் சாபமும் ஒரே ஆற்றலின் இரு பக்கங்கள் என்ற கருத்து இதில் இருக்கிறது. விதிநூல் எழுதுகிறவர் ஆசி மந்திரங்களையும் சாப மந்திரங்களையும் சேர்த்து ஒரே பிரிவாக வைக்க விரும்பினால், நிறைமொழி என்று பெயரிடலாம்.

அடுத்து, பக்கத்தில் நிற்கும் சொற்கள். செய்வினை, ஏவல், பில்லி சூனியம் எல்லாம் மறைவில் நடப்பவை. செய்தவர் யார் என்று தெரியாது, பாதிக்கப்பட்டவர் தவறு செய்திருக்க வேண்டியதும் இல்லை. சாபம் முகத்துக்கு நேரே சொல்லப்படுவது, காரணம் உண்டு. எனவே டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஹெக்ஸ் மந்திரத்தைச் செய்வினை என்று தமிழாக்குவதே சரி. எதிரியைக் குறிவைத்து, ஒவ்வொரு அடியோடும் ஓர் ஆறுமுகப் பகடை அளவு கூடுதல் சேதம் தருவது அது. அதில் தவறும் இல்லை, தீர்ப்பும் இல்லை. கியாஸ் என்ற மந்திரம் அயர்லாந்துப் பழங்கதைகளின் விலக்கு நோன்பிலிருந்து பெயர் பெற்றது. சொன்னதை மீறினால் நாளுக்கு ஒரு முறை மட்டும் ஐந்து பத்துமுகப் பகடை, சராசரியாக 27.5 சேதம். அதற்கு 'ஆணை' பொருந்தும். நம் ஊரில் கட்டளையும் ஆணைதான், 'என்மேல் ஆணை' என்று கட்டிப்போடுவதும் ஆணைதான்.

எழுத்து நடை பற்றி ஒரு வார்த்தை. 'சபிக்கப்பட்ட வாள்' என்பது மொழிபெயர்ப்பு வாடை அடிக்கிறது. சாபம் பட்ட வாள், சாப வாள் என்பவை இயல்பானவை. சாபம் இடலாம், கொடுக்கலாம், பேச்சில் விடலாம். அது தட்டும், பலிக்கும், நீங்கும்.

இனி அந்த இரண்டு சொற்கள். சிலப்பதிகாரம் நாடுகாண் காதையில், கோவலனையும் கண்ணகியையும் இழிவாகப் பேசிய இருவர் முள்ளுடைக் காட்டின் முதுநரி ஆகும்படி கவுந்தியடிகளின் சாபம் கட்டுகிறது. நரிக்குரல் கேட்டு இரங்கிய கோவலனும் கண்ணகியும் அவர்களுக்காகப் பேசி, 'உய்திக் காலம் உரையீரோ' என்று கேட்கிறார்கள். அடிகள் சொல்லும் விடை: உறையூர் மதிலுக்கு வெளியே காவற்காட்டில் பன்னிரண்டு மாதம் துன்புற்றபின் பழைய உருவம் பெறுக. இதைச் 'சாபவிடை செய்து' என்கிறார் இளங்கோ. விடை என்பது இங்கே விடுவிப்பு. சாப விமோசனம் என்று நாம் இன்று சொல்வதற்கு இதைவிடச் சுருக்கமான சொல் இல்லை.

ஆக மூன்று உறுப்புகள்: சாபம், உய்திக்காலம், சாபவிடை. என்ன நேர்கிறது, எதுவரை, எப்படி நீங்கும். உய்திக்காலமும் சாபவிடையும் இல்லாமல் ஒரு சாபத்தைப் பாத்திரத்தாளில் எழுதக் கூடாது.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014ஆம் ஆண்டு ஐந்தாம் பதிப்பு உய்திக்காலத்தைத்தான் விலை பேசுகிறது. அதன் சாபமிடும் மந்திரம் (பிஸ்டோ கர்ஸ்) மந்திர ஆற்றலின் மூன்றாம் படியில் ஒரு நிமிடம் நிற்கும். நான்காம் படி செலவிட்டால் பத்து நிமிடம். ஐந்தாம் படியில் எட்டு மணி நேரம், அந்தப் படியிலிருந்து மந்திரம் போட்டவர் மனத்தை ஒருமுகப்படுத்தி வைத்திருக்கவும் தேவையில்லை. ஏழில் ஒரு நாள், ஒன்பதில் நீக்கும்வரை. விளைவு மாறவே இல்லை, காலம் மட்டும் ஏறுகிறது. ஆட்ட நடத்துநர் (கதையை நடத்தி மற்றவர்களை ஆடவைப்பவர்) சொந்தமாக வேறு விளைவு கற்பிக்கலாம், ஆனால் கொடுத்திருப்பவற்றைவிட வலியதாக இருக்கக் கூடாது என்றும் அந்த மந்திரத்திலேயே எழுதியிருக்கிறது. சொந்தச் சாபம் எழுதுகிறவர்கள் பலர் அந்த வரியைப் படிப்பதில்லை.

விளைவை அளப்பதில்தான் கணக்கு பெரும்பாலும் பிசகுகிறது. சாபம் என்றதும் கை 'டிஸ்அட்வான்டேஜ்' பக்கம் போகும்: இருபது முகப் பகடையை இரண்டு முறை உருட்டிச் சிறிய எண்ணை எடுப்பது. இதைப் பின்னடைவு என்போம். வெற்றி வாய்ப்பு 75 விழுக்காடாக இருந்தால் பின்னடைவில் 56.25 ஆகும், 50 இருந்தால் 25, 25 இருந்தால் 6.25. நடுவில் இருப்பவர் 25 புள்ளி இழக்கிறார், அதாவது பகடையில் 5 கழித்ததற்குச் சமம். இன்னொரு விதமாகப் பார்த்தால், குறி தப்பும் வாய்ப்பு எவ்வளவோ அவ்வளவு பங்கு மொத்த விளைச்சலில் குறையும். 65 விழுக்காடு குறி தவறாமல் அடிப்பவர், அடிக்குப் பத்துச் சேதம் வீதம் நான்கு முறை அடித்தால் சராசரி 26. பின்னடைவில் அது 16.9. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. 2 கழித்தல் என்று எழுதியிருந்தால் 22தான் ஆகியிருக்கும்.

பின்னடைவுக்கு இன்னும் இரண்டு சிக்கல்கள். ஒன்று, அது அடுக்காது: ஏற்கெனவே பின்னடைவில் இருப்பவருக்கு இருட்டும் தடையும் மேலதிகச் செலவே இல்லை. நிரந்தரப் பின்னடைவுச் சாபம் வாங்கியவர் 'இனி என்ன வந்தால் என்ன' என்று ஆடத் தொடங்குவது இதனால்தான். இரண்டு, எதிர்ப்பக்கம் ஓர் அனுகூலம் (இரண்டு முறை உருட்டிப் பெரிய எண்ணை எடுப்பது) இருந்தால் மொத்தமும் அடிபட்டுப்போகும். பார்பேரியன் என்ற முரட்டுப் போராளி துணிந்து தாக்கும் திறனால் தன் சுற்றிலேயே அனுகூலம் வாங்கிவிடுவார்; சாபம் அவரைத் தொடாது. அதே சாபம் ரோக் என்ற மறைந்து தாக்கும் கள்வர்மேல் விழுந்தால், பின்னடைவு உள்ளபோது மறைதாக்குதல் செல்லாது என்ற விதியால், பாத்திர வளர்ச்சியின் ஐந்தாம் நிலையில் மூன்று ஆறுமுகப் பகடை, சராசரி 10.5 சேதம், குறி தவறாமல் பட்டாலும் கிடைக்காது. பெயர் ஒன்று, எடை வேறு. சாபத்தை இன்ன பாத்திரத்துக்கென்றே எழுத வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டாம்.

இன்னொன்று, ஆட்டக்காரரின் சுற்றைப் பறிக்கும் சாபம். ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் காப்பு உருட்டலில் (கேட்டைத் தடுக்க உருட்டுவது) தோற்றால் அந்தச் செயல் வீண் என்பது பிஸ்டோ கர்ஸில் உள்ள ஒரு தெரிவு. ஒரு நிமிடத்துக்கு அது சரி. நாள் கணக்கில் வைத்தால், பாதி வாய்ப்புள்ளவர் நான்கு சுற்றுப் போரில் இரண்டில் கை கட்டி உட்கார்ந்திருப்பார். சாபம் பாத்திரத்துக்குத்தான், மேசைக்கு வந்தவருக்கு இல்லை.

மறுபக்கத் தவறும் உண்டு. சாபத்தோடு வரும் வரம் மிஞ்சினால் யாரும் விடை தேட மாட்டார்கள். 2014 பதிப்பின் ஓநாய்மனிதச் சாபம் வலிமை குறைந்தவருக்கு வலிமையை 15 ஆக்குகிறது, மந்திரமில்லாத வெள்ளியல்லாத ஆயுதங்களால் வெட்டுப்படாத உடலும் தருகிறது. இதை நீக்கவா செய்வார்கள்? கட்டுப்பாடு இழந்தவரை நடத்துநர் தன் கையில் எடுத்துக்கொள்ளலாம் என்ற குறிப்பால்தான் அந்த விதி ஓரளவு தாங்குகிறது.

எடுத்துக்காட்டாக ஒரு பசிச் சாபத்தை அமைத்துப் பார்ப்போம். மாதிரி, மணிமேகலையின் காயசண்டிகை. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பழுக்கும் நாவற்கனியை, பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை உண்ணும் முனிவருக்கு உரியதை, அவள் மிதித்துவிட்டாள். வான்வழிச் செல்லும் மந்திரம் மறந்தது, யானைத்தீ என்னும் தீராப் பசி பற்றியது, அடுத்த கனியை அவர் உண்ணும் நாளில் தீரும் என்றானது. குற்றத்தின் அளவே தண்டனையின் அளவு. இருந்தும் நடுவே வேறொரு வாயிலும் திறந்தது: அமுதசுரபியிலிருந்து மணிமேகலை இட்ட உணவு பசியை அவித்தது. காலத்தால் ஒன்று, செயலால் ஒன்று என இரண்டு வாயில்கள். நல்ல சாபத்துக்கு இரண்டும் வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் ஆட்டக்காரர் காத்திருப்பார் அல்லது மாட்டிக்கொள்வார்.

ஐந்தாம் பதிப்பில் ஒரு நாள் கட்டுச்சோறு 2 பவுண்டு எடை, 5 வெள்ளிக்காசு. சாபம் பட்டவருக்கு நாளுக்கு மூன்று வேண்டும் என்று வையுங்கள்: 6 பவுண்டு, 15 வெள்ளி. ஐந்தாம் நிலைப் பாத்திரத்துக்குக் காசு ஒரு பொருட்டில்லை, எடைதான் கடிக்கும். பத்து நாள் பயணத்துக்கு 60 பவுண்டு. சுமக்கும் அளவு வலிமையைப் போல் 15 மடங்கு என்பதால், வலிமை 8 உள்ள மந்திரவாதியின் 120இல் பாதி சோற்றுக்கே போகும். வலிமை 16 உள்ள போர்வீரர் 240இல் கால் பங்குதான் கொடுப்பார். போர்வீரருக்கு எழுதுவதானால் நாளுக்கு ஐந்து என்று ஏற்றுங்கள்.

உண்ணாவிட்டால் அயர்வு (ஆறு படிகளில் ஏறும் களைப்பு) ஒரு படி. அதற்குமேல் ஏற விடக் கூடாது. 2014 பதிப்பில் அயர்வு மூன்றாம் படியில் தாக்குதலுக்கும் காப்புக்கும் பின்னடைவு வந்துவிடும், தோற்பவர் மேலும் தோற்பார், ஆறாம் படி சாவு. பசி சாகடிப்பதற்காக வைத்ததில்லை. ஈடாக, உணவையும் குருதியையும் மோப்பம் பிடிக்கும் உருட்டல்களில் அனுகூலம் கொடுக்கலாம்; அது சாபத்தின் காரணத்திலிருந்தே பிறக்கிறது, போரிலும் உதவாது.

இப்போது ஓட்டைகளை அடைக்க வேண்டும். குட்பெரி என்ற முதற்படி மந்திரம் பத்துக் கனி வரை தரும். ஒவ்வொன்றும் ஒரு நாள் உணவு. குழுவில் அதைப் போடும் ட்ரூயிட் இருந்தால் பசிச் சாபம் முதல் நாளே செத்தது. 'மந்திர உணவு பாதிக் கணக்கு' என்று ஒரு வரி சேர்த்தால் நாளுக்கு ஆறு கனி போகும். மந்திரம் பயன்படும், ஆனால் குழுவில் மற்றவருக்கு மிஞ்சுவது நான்குதான்.

பெரிய ஓட்டை ரிமூவ் கர்ஸ். மூன்றாம் படி மந்திரம். கிளெரிக் என்ற பூசாரியும் மந்திரவாதியும் ஐந்தாம் நிலையிலேயே போடுவார்கள், தொட்டால் எல்லாச் சாபமும் போகும். அதை 'இங்கே செல்லாது' என்று தடுத்தால், அந்த மந்திரத்தைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தவரை ஏமாற்றியதாகும். அது சாபத்தை ஒரு நாள் அடக்கும், கூடவே விடை என்ன என்பதையும் வெளிப்படுத்தும் என்று மாற்றுவது மேல். சாபம் பட்ட பொருள்களில் அந்த மந்திரமே இப்படித்தான் பாதி வேலை செய்கிறது: பொருளின் சாபம் அப்படியே இருக்கும், உடையவருக்கும் பொருளுக்கும் உள்ள பிணைப்பு மட்டும் அறும். இந்த மாற்றத்தை ஆட்டம் தொடங்குமுன்பே சொல்லிவிட வேண்டும்.

உய்திக்காலத்தைக் கதைநாளில் எழுதினால் 'ஒரு மாதம் விடுதியில் தங்குகிறோம்' என்று கடந்துவிடுவார்கள். அமர்வுக் கணக்கு நம்பகமானது. மூன்று முதல் ஐந்து அமர்வு போதும். அதற்குமேல் போனால் நடத்துநரே சாபத்தை மறந்துவிடுவார், நினைவூட்ட வேண்டிய பொறுப்பு பாதிக்கப்பட்டவர் தலையில் விழும்.

பாத்திரத்தாளில் இப்படி வரும்:

யானைத்தீ. காரணம்: கோயில் நிலத்துப் பழத்தை மிதித்தது. சாபம்: நாளுக்கு மூன்று கட்டுச்சோறு, குறைந்தால் அன்றிரவு ஓய்வுக்குப் பின் அயர்வு ஒரு படி, அதற்குமேல் ஏறாது. மந்திர உணவு பாதிக் கணக்கு. ஈடு: உணவு, குருதி மோப்பத்தில் அனுகூலம். உய்திக்காலம்: நான்கு அமர்வு. சாபவிடை: தனக்கென்று வைத்திருக்கும் கடைசிச் சோற்றைப் பசித்த அந்நியருக்கு இடுதல்.

கடைசி வரியில் 'கடைசி' என்ற சொல்லை விட்டுவிட்டால், அறுபது பவுண்டு மூட்டையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்து முதல் ஊரிலேயே நீட்டிவிட்டுப் போவார்கள்.