மண்டையில் எவ்வளவு ஏறியது?

ஒரு லாரியும் சின்னக் காரும் நேருக்கு நேர் மோதுகின்றன. லாரி காரைத் தள்ளும் விசை பெரிதா, கார் லாரியைத் தள்ளும் விசை பெரிதா? இரண்டும் சமம்தான். காரின் நிறை குறைவு, அதனால்தான் அது தூக்கியெறியப்படுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதியை ஒரு சொல் பிசகாமல் எழுதி மதிப்பெண் வாங்கியவர்களிலும் பலர் ‘லாரி’ என்றே சொல்வார்கள்.

கணக்கே போட வேண்டாத இப்படிப்பட்ட கேள்விகளைத் தொகுத்து, 1992-ல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் டேவிட் ஹெஸ்டனஸும் அவருடைய சகாக்களும் ஒரு தேர்வை வெளியிட்டார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் தேர்ந்தெடுக்கச் சில விடைகள் இருக்கும். அவற்றில் உள்ள தவறான விடைகள் மாணவர்கள் மனதில் உண்மையிலேயே ஊறிப்போன எண்ணங்களிலிருந்து எடுத்தவை. எனக்கு மிகவும் பிடித்த அம்சம் அதுதான்.

இந்தத் தேர்வைப் பாடம் தொடங்கும்போது ஒரு தடவை, முடிந்ததும் ஒரு தடவை வைப்பார்கள். கடைசியில் மட்டும் வைத்தால் மாணவர் எங்கே நிற்கிறார் என்று தெரியும், எங்கிருந்து வந்தார் என்று தெரியாது.

சரி, இரண்டையும் கழித்தால் போதுமா? போதாது. சராசரி 80-ல் தொடங்கும் வகுப்புக்கு ஏற இடமே 20 தான். அதனால் ஏறியதை, ஏற மிச்சமிருந்ததால் வகுக்கிறார்கள். 40 இருந்த சராசரி 70 ஆனால், 60-க்கு 30, அதாவது 0.5. 80 இருந்தது 90 ஆனாலும் 20-க்கு 10, அதே 0.5.

இந்தியானா பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ஹேக் 1998-ல் பள்ளி, கல்லூரி, பல்கலைக்கழகம் என 62 வகுப்புகளின், 6,542 மாணவர்களின் கணக்கை இப்படிப் பார்த்தார். வழக்கமான விரிவுரை வகுப்புகள் 14. அவற்றின் சராசரி 0.23, ஒன்றுகூட 0.3-ஐத் தொடவில்லை. தெரியாமல் வந்ததில் முக்கால் பங்கு தெரியாமலே போயிருக்கிறது! மாணவர்களைப் பேசவும் செய்து பார்க்கவும் வைத்த மற்ற 48 வகுப்புகளில் சராசரி 0.48.

இந்தத் தேர்வு விசையையும் இயக்கத்தையும் மட்டுமே அளக்கும். வரலாற்றுக்கோ இலக்கியத்துக்கோ அப்படியே தூக்கிக்கொண்டு போக முடியாது. ஆனால் இயற்பியல் ஆசிரியர்களை இது உலுக்கியது. ஹார்வர்டின் எரிக் மஸூர், 1992-ல் இது வெளியாகும் முன்பே, இதன் முந்தைய வடிவத்தைத் தன் மாணவர்களுக்கே வைத்துப் பார்த்துத் திகைத்துப் போனார். அப்புறம் விரிவுரையைக் குறைத்தார். நடுவே ஒரு கேள்வி கேட்பார். ஒவ்வொருவரும் தனியாக விடை சொல்ல வேண்டும். பிறகு பக்கத்தில் இருப்பவரோடு வாதாடிவிட்டு மறுபடி சொல்ல வேண்டும். 1990-ல் அவர் விரிவுரை நடத்திய வகுப்பு 0.25 பெற்றது, 1991-ல் வாதாடிய வகுப்பு 0.49.