ஓடுபாதைக்குப் போகும் வழியில் எரியும் எரிபொருள்

ஏ320 விமானம் இரண்டு இன்ஜின்களையும் ஓடவிட்டுத் தரையில் ஊர்ந்தால் நிமிடத்துக்குச் சுமார் 10 முதல் 12 கிலோ எரிபொருள் போகும். (விமானிகள் நாங்கள் லிட்டரில் பேசுவதில்லை, எங்களுக்கு எடைதான் கணக்கு.) போயிங் 777 மாதிரிப் பெரிய விமானங்களில் இது இன்னும் சில மடங்கு. எரியும் ஒவ்வொரு கிலோவும் 3.16 கிலோ கார்பன் டை ஆக்சைடாக வெளியே போகிறது. ஜெட் இன்ஜின் உயரத்தில் சிக்கனமாக ஓடப் பிறந்தது. தரையில், ஐடிலில் (மிகக் குறைந்த விசையில் சும்மா ஓடும் நிலையில்), அது எரிப்பதில் பெரும்பகுதி தன் சொந்தச் சுழற்சியைக் காப்பாற்றிக்கொள்ளவே செலவாகிவிடுகிறது. அந்த ஐடில் விசையே எடை குறைந்த ஏ320-ஐ வேகமெடுக்க வைத்துவிடும் என்பதுதான் வேடிக்கை. ஒரு பக்கம் எரிபொருளை எரித்துத் தள்ளுகிறோம், மறுபக்கம் பிரேக்கை மிதிக்கிறோம்.

அதனால்தான் ஒரு இன்ஜினில் டாக்ஸி செய்வது, அதாவது தரையில் ஊர்ந்து போவது, வழக்கத்துக்கு வந்தது. தரையிறங்கியபின் இது சுலபம். ரிவர்ஸ் போட்டு வேகம் குறைத்த இன்ஜினைச் சுமார் 3 நிமிடம் ஐடிலில் ஆறவிட்டு, ஒன்றை அணைத்துவிட்டு, மற்றதில் கேட் வரை வரலாம். வாலில் உள்ள சிறு இன்ஜினான ஏபியூவை உடனே போட்டுவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது நிமிடத்துக்கு 2 கிலோ குடிக்கும். மின்சாரத்துக்கு ஓடுகிற இன்ஜினின் ஜெனரேட்டரே போதும். கேட் நெருங்கும்போது ஏபியூவைப் போட்டால் சரி.

புறப்படும்போது கணக்கு இவ்வளவு எளிதாக இல்லை. இரண்டாவது இன்ஜினை வழியில் ஸ்டார்ட் செய்ய ஏபியூவின் காற்று வேண்டும். ஆகவே ஏபியூ ஓடிக்கொண்டே இருக்கும், நிமிடத்துக்கு 6 கிலோ மிச்சம் என்று நினைத்தது 4 ஆகிவிடும். ஸ்டார்ட் ஆன இன்ஜின் டேக்-ஆஃப் விசைக்குப் போகும் முன் சில நிமிடம் சூடேறவும் வேண்டும். ஏ320 நியோவின் புதிய இன்ஜின்களில் இன்னொரு சிக்கல்: நிறுத்திய இன்ஜினுக்குள் வெப்பம் மேலே ஏறி நிற்பதால் நடுத்தண்டு மிக லேசாக வளைகிறது. அது சமமாகும் வரை எரிபொருள் செலுத்தாமல் சுற்றவிட்டுத்தான் பற்றவைக்க முடியும், ஸ்டார்ட்டுக்கே கூடுதல் நேரம் பிடிக்கும். டாக்ஸி தூரம் குறைவான விமான நிலையத்தில் இத்தனைக்கும் இடமே இல்லை. அங்கே இரண்டையும் போட்டுக்கொண்டு போவதே உத்தமம்.

777-300ஈஆர் முழு எடையில் சுமார் 351 டன். நின்ற இடத்திலிருந்து அதை ஒரே இன்ஜினால் அசைக்க வேண்டுமென்றால் விசையை நன்றாக ஏற்ற வேண்டும். பின்னால் நிற்கும் ஊழியர்கள், டிராலிகள், சின்ன விமானங்கள் எல்லாம் இன்ஜின் பின்னால் தள்ளும் காற்றைத் தாங்க வேண்டியிருக்கும். அதனால் பெரிய விமானங்களில் எடை குறைந்து வந்து சேரும்போதுதான் இது பெரும்பாலும் பொருந்தும்.

நான் இதைத் தவிர்க்கும் நேரங்கள் உண்டு. ஈரமான டாக்ஸிவே (விமானம் ஊர்ந்து போகும் பாதை), மேட்டில் ஏறும் வழி, ஓடும் இன்ஜின் பக்கமாகவே திரும்ப வேண்டிய கூரான வளைவு, டெல்லியின் குளிர்காலப் பனிமூட்டம், பழக்கமில்லாத விமான நிலையம். துணை விமானி இரண்டாவது இன்ஜினை ஸ்டார்ட் செய்யக் குனிந்திருக்கும் நிமிடங்களில் வெளியே பார்ப்பது ஒரு ஜோடிக் கண்தான். அனுமதியில்லாமல் ஓடுபாதைக்குள் நுழைந்துவிடுவது அப்படிப்பட்ட நேரத்தில் நடக்கக்கூடியது. எந்த கேப்டன் எத்தனை முறை ஒரு இன்ஜினில் டாக்ஸி செய்தார் என்று பட்டியல் போட்டு ஒப்பிடும் நிறுவனங்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

(ஏ320-இல் இரண்டாவது இன்ஜின் ஸ்டார்ட் ஆகும்போதோ அணையும்போதோ காலடியில் நாய் குரைப்பது போல ஒரு சத்தம் கேட்டிருப்பீர்கள். ஹைட்ராலிக் அமைப்பு ஒன்றின் அழுத்தத்தை மற்றதற்குக் கடத்தும் கருவி அது. பயப்பட ஒன்றுமில்லை.)

இன்ஜினை அணைப்பதைவிட அதிகம் பேசப்படாத சேமிப்பு, நிற்காமல் போவது. நின்று கிளம்பும் ஒவ்வொரு முறையும் விசை ஏற்ற வேண்டும். முன்னால் வரிசை தெரிந்தால் முன்கூட்டியே மெதுவாகி, உருண்டுகொண்டே அதன் வாலில் சேர்வது நல்லது. நேரான பாதையில் சுமார் 30 நாட் (மணிக்குச் சுமார் 55 கிலோமீட்டர்) வரை போகவிட்டு, ஒரே அழுத்தலில் 10 நாட்டுக்குக் குறைத்து, பிரேக்கை விட்டுவிட வேண்டும். கார்பன் பிரேக்குகள் எவ்வளவு பலமாக அழுத்துகிறோம் என்பதைவிட எத்தனை முறை அழுத்துகிறோம் என்பதால்தான் தேய்கின்றன. தொட்டுத் தொட்டுப் போகும் புது விமானிகளுக்கு இது முதலில் நம்பக் கஷ்டமாக இருக்கும்.

அதையும்விடப் பெரியது, கிளம்பாமலே இருப்பது. டெல்லி, மும்பை போன்ற நெரிசலான இடங்களில் எப்போது இன்ஜின் போடலாம் என்று நேரம் கணக்கிட்டுத் தருகிறார்கள். கதவு மூடியும் விமானம் அசையவில்லையே என்று பயணிகள் கடிகாரத்தைப் பார்ப்பது புரிகிறது. கேட்டில் தரை மின்சாரத்தில் நின்ற அந்த 10 நிமிடம், இரண்டு இன்ஜினோடு வரிசையில் நின்றிருந்தால் 100 கிலோவுக்கு மேல் எரிபொருள். அந்த 100 கிலோ மிஞ்சினால், சேரும் ஊரில் வட்டமடிக்க நேர்ந்தால் இரண்டு, மூன்று நிமிடம் கையில் இருக்கும்.

விமானிகள் கையில் இல்லாத சேமிப்பும் உண்டு. டெல்லியில் மூன்றாவது ஓடுபாதையில் இறங்கி முதல் டெர்மினலுக்குப் போக 9 கிலோமீட்டர் சுற்ற வேண்டியிருந்தது. 2023 ஜூலையில் சாலைக்கு மேலே பாலமாகச் செல்லும் டாக்ஸிவே திறந்தபின் அது சுமார் 2 கிலோமீட்டர் ஆனது. எந்த விமானியின் திறமையாலும் இவ்வளவு மிச்சப்படுத்த முடியாது.

அப்புறம் டாக்ஸிபாட். முன்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இரண்டு இன்ஜினும் அணைந்த விமானத்தை ஓடுபாதை அருகே கொண்டுபோகும் வண்டி இது. காக்பிட்டில் இருக்கும் விமானியே இதைத் திருப்பி ஓட்டலாம். 2019 அக்டோபரில் டெல்லியிலிருந்து மும்பைக்குப் புறப்பட்ட ஏர் இந்தியா ஏ320, பயணிகளோடு இதைப் பயன்படுத்தியது. ஆனால் வண்டியைக் கழற்ற ஓடுபாதைக்கு அருகில் இடம் வேண்டும், அது திரும்பிவர வழி வேண்டும், பின்னால் வரிசை கட்டி நிற்பவர்கள் பொறுக்க வேண்டும். இன்ஜின் சூடேறும் நிமிடங்களையும் அங்கேயேதான் கழிக்க வேண்டும்.