பாஸ்டரலிசம்: மேய்ச்சல் வலசை

மேய்ச்சல் சமூகங்களின் நில உரிமையையும், மாறிவரும் காலநிலைக்கு அவை ஈடுகொடுக்கும் முறையையும் ஆராயும் ஆங்கிலக் கட்டுரைகளில் பாஸ்டரலிசம் (pastoralism) என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. அதைத் தமிழில் 'கால்நடை வளர்ப்பு' என எழுதுவது போதாது. கொட்டகையில் கட்டித் தீவனம் போடுவதும் கால்நடை வளர்ப்புதான். பாஸ்டரலிசமோ புல்லையும் நீரையும் நம்பி மந்தையோடு மனிதரும் வாழும் வாழ்க்கை.

லத்தீனில் 'பாஸ்கெரே' என்றால் மேய்த்தல்; 'பாஸ்டர்' மேய்ப்பவர். கிறித்தவ சபைகளின் பாஸ்டரும் இச்சொல்தான். புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்தின் தலைவரைக் குறிக்கும் பேராயர் என்ற சொல்லிலும் ஆநிரை மேய்த்த முல்லைநில ஆயரே இருக்கின்றனர். கலித்தொகையோ பசு மேய்ப்போரைக் கோவினத்தார் என்றும், ஆடு மேய்ப்போரைப் புல்லினத்தார் என்றும் பிரித்தே பேசுகிறது.

பருவத்துக்கேற்ப இடம்பெயர்வதற்கு நம்மிடம் வலசை என்ற சொல் உண்டு. கடலூர் மாவட்டத்தில் சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பக்கத்து வயல்களில் அறுவடை முடிந்ததும் தென்மாவட்டக் கீதாரிகள், அதாவது ஆட்டு மந்தை மேய்ப்பவர்கள், கிடை போடுவார்கள். பகலில் மேய்ந்த ஆடுகளை இரவில் ஒரே வயலில் அடைத்து, குட்டிகளைக் கூட்டுக்குள் விட்டு, மறுநாள் அடுத்த வயலுக்குக் கிடையை மாற்றுவார்கள். புழுக்கையும் சிறுநீரும் வயலுக்கு எரு. அதற்கு நிலத்துக்காரர் கூலி கொடுப்பார். மழை பொய்த்த ஊரை விட்டுப் புல் இருக்கும் ஊருக்குச் செல்லும் இந்த நகர்வே வறட்சியைத் தாங்க அவர்கள் கைக்கொண்ட வழி என்பதால், நகர்வைச் சொல்லாத சொல் பொருளில் பாதியை விட்டுவிடுகிறது.

நில உரிமைச் சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், நிலைத்து வாழ்வோரின் மேய்ச்சலோடு வலசை செல்வோரின் மேய்ச்சலையும் உரிமையாக ஏற்கிறது. ஆனால் அது வனநிலத்துக்கு மட்டுமே பொருந்தும். பட்டா வயலில் கீதாரிக்கு இருப்பது வாய்ப்பேச்சு ஒப்பந்தம். மேய்க்கால் புறம்போக்கும் உள்ளூர் மாடுகளை மனத்தில் வைத்து ஒதுக்கப்பட்டதே.

ஆகவே பாஸ்டரலிசத்துக்கு 'மேய்ச்சல் வாழ்வு' என்றும், பருவந்தோறும் இடம்பெயரும் வகைக்கு 'மேய்ச்சல் வலசை' என்றும் எழுதலாம். 'நாடோடி' பொருந்தாது, இவர்களின் தடமும் பருவமும் தலைமுறைகளாக வகுக்கப்பட்டவை. ஐக்கிய நாடுகள் அவை 2026-க்கு அறிவித்திருப்பதையும் 'மேய்ச்சல் நிலங்கள், மேய்ச்சல் சமூகங்களுக்கான பன்னாட்டு ஆண்டு' என்றே எழுத வேண்டும்.